உடும்பு ஓடும் நிலம், ஆமை தவழும் நிலம்

சோழர் காலக் கல்வெட்டுகளில், ஊரையோ நிலத்தையோ ஒருவர்க்கு உரிமையாக்கும் இடத்தில் ஒரு வழக்குத்தொடர் வரும். உடும்பு ஓடும் இடமும் ஆமை தவழும் இடமும் உள்ளிட்ட அனைத்தும் அந்நிலத்துள் அடங்கும் என்பது அதன் கருத்து. வகுப்பில் இதனைச் சொன்னால் மாணவர் சிரிப்பர். யானும் பல்லாண்டுக் காலம் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டே அடுத்த வரிக்குச் சென்றிருக்கிறேன். உடும்பு மேட்டில் வாழும். ஆமை நீர்பொதிந்த தாழ்வில் ஊரும். ஒரு நிலத்தைப் பார்த்தவுடன் எது மேடு, எது நீர்க்கிடை என்று பிரித்துணர்ந்து, அவ்விரண்டையும் ஈருயிர்களின் பெயரால் சுட்டத் தெரிந்தவன் ஆக்கிய தொடர் அஃது. அந்த ஓலைக்கணக்கனுக்கு இருந்த கண், கல்லூரியில் தமிழ் பயின்று பட்டம் பெற்ற எனக்கு இல்லாமற் போயிற்று. அச்செய்தியை முதற்கண் சொல்லிவிடுகிறேன். பிறர்க்கு ஒன்று கூறும் தகுதி அதன் பின்னரே எனக்கு உண்டாகும்.

2012ஆம் ஆண்டு முதுவேனிலில், சென்னைக்குத் தெற்கே ஒரு புறநகரில், ஆசிரியர் பதினொருவர் சேர்ந்து அடுத்தடுத்து மனை வாங்கினோம். தரகர் அழைத்துச் சென்ற நாளில் நிலம் வெடித்துக் காய்ந்து கிடந்தது. ஆடுகள் மேய்ந்தன. செம்மண் கொட்டி நிரவிச் சுண்ணாம்பு பூசிய கற்களை வரிசையாக நட்டிருந்தனர். பட்டா இருந்தது. வில்லங்கச் சான்றில் குறையேதும் இல்லை. தாயாவணத்தைப் படித்துப் பார்க்கும் பொறுப்பைத் தமிழாசிரியன் என்பதால் என்னிடம் விட்டனர். பழைய கையெழுத்து. எல்லை கூறும் பகுதியில் ‘ஏரி உள்வாய்க்கு மேற்கு’ என்றிருந்தது. உரக்கவே படித்தேன். கணக்காசிரியர் ஒருவர், உள்வாய் என்றால் என்ன என்று வினவினார். ஏரியின் உட்பக்கம் என்று பொருள் சொன்னேன். பொருள் பிழையன்று, தேர்வுத்தாளில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். ஆனால், ஏரியின் உட்பக்கத்தை ஒட்டிய நிலம் எனின் ஏரி நிறையுங்கால் நீர் எங்கே வந்து நிற்கும் என்று பதினொருவரில் எவரும் கேட்கவில்லை. பொருள் சொன்ன யானும் எண்ணவில்லை.

வீடு கட்டிக் குடியேறினோம். ஏரிக்கு நீர் கொணரும் வரத்துக்கால் தூர்ந்திருந்தமையால் முதலில் வந்த மழைக்காலங்களில் நீர் எங்கள் தெருவை எட்டவில்லை. 2015 திசம்பர் முதல்நாள் இரவு எட்டிற்று. விடியுமுன் நடுக்கூடத்தில் மார்பளவு நீர். உயிர் பிழைத்தோம், இளமை முதல் சேர்த்த நூல்கள் பிழைக்கவில்லை. நிகண்டுகளும் அகரமுதலிகளும் ஊறிப் பருத்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நீர் வடிந்த மூன்றாம் நாள், அவ்வேரியில் நீர்க்கட்டி வேலை பார்த்த குடியைச் சேர்ந்த முதியவர் ஒருவர் தெருவழியே வந்தார். எங்கள் புலம்பலைச் சிறிது நேரம் கேட்டுவிட்டு, “ஏரிக்குள்ள நீங்க வந்து குடியிருந்துட்டு, ஏரி வீட்டுக்குள்ள வந்துடுச்சின்னு சொல்றீங்களே ஐயா” என்றார். அவர் எள்ளி நகையாடவில்லை. உள்ளபடியே அவருக்கு அது விளங்கவில்லை.

அவரிடம் யான் கற்றதையும், அதன்பின் ஊர்க்கணக்கிலும் நூல்களிலும் தேடி அறிந்ததையுமே இங்கு எழுதுகிறேன். வீடாயினும் பள்ளியாயினும் தொழிற்கூடமாயினும், ஒரு நிலத்தில் கடைக்கால் தோண்டுமுன் அந்நிலத்தில் நீரின் எல்லை யாது என்று காணல் வேண்டும். அவ்வெல்லை பட்டாவின் எல்லையோடு பொருந்தும் என்னும் உறுதி இல்லை. எங்கள் பட்டா பொய்யன்று. கணக்கில் அது உள்வாய்க்கு வெளியேதான் இருந்தது. ஆயினும் நீர் எங்கள் கணக்கைப் படித்துவிட்டு வரவில்லை.

ஏரியின் எல்லையைச் சொல்வது கலிங்கு. தென்மாவட்டங்களில் மறுகால் என்பர். வடபால் கலங்கல் என்றும் கோடி என்றும் வழங்குவர். ஏரி ‘கோடி போயிற்று’ என்னும் பேச்சைச் செங்கற்பட்டுப் பக்கத்தில் இன்றும் கேட்கலாம். ஏரிக்கரையின் ஓர் ஓரத்தில், கரையைவிடத் தாழ்வாகக் கல்லால் கட்டிய சுவர் அது. நீர் அதன் முடியை எட்டியவுடன் வழிந்து, போக்குக்கால் வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும். எனவே கலிங்கின் முடி எந்த மட்டமோ, அந்த மட்டத்துக்குக் கீழே ஏரியின் உட்புறமாகக் கிடக்கும் நிலம் அனைத்தும், யார் பெயரில் இருப்பினும், ஏரியே. முதியவர் என்னைக் கலிங்கின் மேல் நிறுத்தித் தம் கையை மேற்கே நீட்டிக் காட்டியபோது இந்த எளிய உண்மை எனக்கு விளங்கிற்று. இன்னொன்றும் சொன்னார். சில கலிங்குகளின் முடிமேல் குத்துக்கற்கள் வரிசையாக நட்டிருக்கும். மழைக்காலத்தின் கடைசியில் அக்கற்களின் இடையே பலகையும் களிமண்ணும் அடைத்து நீரை இன்னும் உயர்த்தித் தேக்குவது பழைய வழக்கம். ஆகலின் சுவரின் முடியை மட்டுமன்று, அக்கற்களின் தலையையும் கணக்கிற் கொள்ள வேண்டும். பெருவெள்ளத்தில் நீர் கலிங்கின்மேல் முழங்காலளவோ இடுப்பளவோ நின்று பாயும். அவ்வளவையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த மட்டத்தை நிலத்துக்குக் கொண்டுவருவது எப்படி? பெரும் பொறிகள் தேவையில்லை. கொத்தனாரிடம் நீர்மட்டக் குழாய் இருக்கும். உட்புறம் தெரியும் நெகிழிக் குழாயில் நீர் நிரப்பிக் குமிழி இல்லாமற் பிடித்தால், இருமுனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு முனையைக் கலிங்கின் முடியில் வைத்து, மறுமுனையின் மட்டத்தை முப்பதடி தள்ளி ஒரு கழியில் குறிக்க வேண்டும். பின் அக்கழியிலிருந்து அடுத்த கழிக்கு. இவ்வாறு கழி கழியாக நடந்து ஏரியை வளைத்து வரலாம். பதினொன்றாம் வகுப்பு மாணவர் எண்மரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மாலை வரை இதனைச் செய்தேன். எங்கள் பதினொரு மனைகளில் ஒன்பது மனைகள் கலிங்கின் முடிக்குத் தாழ்வாக இருந்தன. என் வீட்டு வாயிற்படி இரண்டு சாண் தாழ்வு. கொத்தனார் மூவரை வைத்து வீடு கட்டினேன். அம்மூவரிடமும் அந்தக் குழாய் இருந்தது.

இனிக் கணக்குகள். பட்டாவோடு நின்றுவிடுதல் கூடாது. ஊரின் அ-பதிவேடு, புலப்படம், ஊர் வரைபடம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். முன்பு இவற்றுக்காக ஊர்க்கணக்கரின் திண்ணையில் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்று அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் இணையத்திலேயே பெறலாம். நம் புல எண்ணை மட்டுமன்றி அதனைச் சுற்றியுள்ள எண்கள் அனைத்தையும் பார்த்தல் தலையாயது. அடுத்த எண் ‘ஓடை’ என்றோ ‘வாய்க்கால்’ என்றோ ‘தாங்கல்’ என்றோ இருப்பின் அங்கே நின்று எண்ண வேண்டும். சிறு கால்களுக்குத் தனி எண் இராது. புலப்படத்தில் பட்டா நிலத்தின் ஊடே ஒரு கோடாக மட்டும் ஓடும். அக்கோட்டைக் கண்டுகொள்ளாமல் அதன்மேல் கூடத்தையும் அடுக்களையையும் கட்டியோர் பலர். மேலும், 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நிலவுடைமைப் பதிவுகளைப் புதுக்கினர். அதன் முன்னும் பின்னும் ஒரே நிலத்துக்கு வேறு வேறு வகைப்பெயர் இருப்பதுண்டு. புதுக்கிய பதிவில் ‘தரிசு’ எனக் காண்பது பழைய நிலவரிப் பதிவேட்டில் ‘குளம்’ என்றிருக்கலாம். வழக்குமன்றம் போகுங்கால் பழையதே பேசும். ஆகவே பழையதைக் கேட்டு வாங்குக.

தாள் பொய் சொல்லலாம், மண் சொல்லாது. அமெரிக்கப் படைத்துறைப் பொறியாளர்கள் நீர்நிலத்தின் எல்லை காண்பதற்கென 1987இல் ஒரு கையேடு வெளியிட்டனர். நீரின் தடம், மண்ணின் இயல்பு, செடியின் வகை என மூன்று சான்றுகளை அது கேட்கிறது. அவர்கள் கண்டறிந்தது நம் உழவர்க்குப் புதிதன்று; ஆனால் அவர்கள் எழுதி வைத்தனர், நாம் எழுதவில்லை. ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டிப் பாருங்கள். மேலே கொட்டிய செம்மண்ணும் சரளையும் விலகியபின் வரும் மண்தான் அந்நிலத்தின் மண். அது சாம்பல் நிறக் களியாக இருந்து, அதனுள் வேரோடிய தடங்களில் துருவின் நிறத்தில் கீற்றுகள் தெரிந்தால், ஆண்டுதோறும் பல கிழமைகள் நீர் நின்ற மண் அது. நீர் நிற்குங்கால் மண்ணினுள் உயிர்வளி புகாது. இரும்புச்சத்து கரைந்து மண் வெளிறும். நீர் வற்றி வேர்வழியே உயிர்வளி புகுமிடத்தில் அவ்விரும்பு மீண்டும் துருவாகப் படியும். அழுகிய முட்டையின் நாற்றம் எழுமாயின் ஐயமே வேண்டா. எங்கள் மனையில் கழிப்பறைக் குழி தோண்டிய நாளில் இம்மண்ணை யான் கண்ணாரக் கண்டேன். ‘நல்ல களி, கடைக்கால் அசையாது’ என்று எவரோ சொல்ல மகிழ்ந்தும் போனேன்.

செடிகளும் அவ்வாறே. கோரை, சம்பு, நாணல், கொட்டி, ஆம்பல், பொன்னாங்கண்ணி ஆகியன தாமே முளைத்துச் செழிக்குமிடம் ஆமையின் நிலம். ஒன்றிரண்டு செடி போதாது. அவையே மிகுதியாக இருக்க வேண்டும். விற்பவர் நிலத்தை உழுது போட்டிருப்பாராயின் வேலியோரத்தில் பாருங்கள்; வேலியோரத்துக் கோரையை எவரும் களைவதில்லை. வெட்டவெளியில் வரிசையாக நிற்கும் பனைகளையும் குறித்துக்கொள்க. நம்மவர் ஏரிக்கரையில் பனை வைப்பது வழக்கம். கரை கரைந்து போயிருக்கும். வரிசை மட்டும் நிற்கும்.

ஓடையின் எல்லை காண்பது இதனினும் எளிது. ஆயினும் பிழை நேர்வது இங்கேதான் மிகுதி. பத்துத் திங்கள் வறண்டு கிடக்கும் ஓடையை ‘வண்டித்தடம்’ என்று தரகர் சொன்னால் நம்பிவிடுகிறோம். வண்டித்தடத்தில் மணலும் கூழாங்கல்லும் தரம் பிரிந்து கிடவா, ஓடையில் கிடக்கும். நீர் ஓடிய தளத்தில் சருகு தங்காது. இருமருங்கும் ஓர் உயரத்துக்குக் கீழே புல் முளைத்திராது. மரவேர்கள் வெளிப்பட்டுத் தொங்கும். முள்வேலிக் கம்பிகளில் வைக்கோலும் நெகிழிப் பைகளும் சிக்கியிருக்கும் உயரத்தை அளந்து பாருங்கள். சென்ற மழையின் வெள்ளம் தன் கைச்சாத்தை அங்கே இட்டுச் சென்றிருக்கும். ஓடை என்பது அதில் ஓடும் நீர் மட்டுமன்று. இரு கரைகளும், கரை மீறினால் பரவும் தாழ்வும் சேர்ந்ததே ஓடை.

இவ்வளவையும் பார்க்க வேண்டிய காலம் கார்காலமும் கூதிரும். மனை விற்போர் காட்டும் காலம் வேனில். இந்த ஒரு வேறுபாட்டில் அவர்கள் ஈட்டும் பொருளுக்கு அளவில்லை.

இனி, சொல்லாராய்ச்சியில் ஈடுபாடு கொண்ட நம்போன்றோர்க்கு ஒரு செய்தி. ஏரி, குளம், கண்மாய், தாங்கல், ஏந்தல், ஊருணி, குட்டை, மடு, கழி, கழுவெளி, ஓடை, கால், மடை, மதகு, கலிங்கு, உள்வாய் என நீரின் இடங்களுக்கு நம் மொழி வைத்த பெயர்கள் வெறும் அழகுக்கு வைத்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு வகை எல்லையைக் குறிப்பது. வெள்ளையர் நிலவரித் திட்டத்தில், வரி தாராத நிலம் அனைத்தும் ‘புறம்போக்கு’ என்னும் ஒரு பையில் அடைபட்டது. வரிக்கணக்கின் புறத்தே போனது என்பதுதான் அச்சொல்லின் பொருள். இன்று அது மாந்தரை இழித்துரைக்கும் வசைச்சொல்லாகிவிட்டது. வசைச்சொல்லால் சுட்டப்படும் நிலத்தின்மேல் யார்க்கு மதிப்பு வரும்? அண்மைக்காலத்தில் ‘ஈரநிலம்’ என்று ஒரு மொழிபெயர்ப்புச் சொல் வந்திருக்கிறது. குறையொன்றும் இல்லை, ஆனால் ஈரம் உலர்ந்தால் அந்நிலம் இல்லையென்றாகிவிடும் போல் ஒலிக்கிறது. கல்வெட்டுகள் நன்செய்யை ‘நீர்நிலம்’ என்றன. அச்சொல்லை விரித்து இதற்கும் ஆளலாம் என்பது என் கருத்து; மாறுபடுவோர் எழுதுக.

ஊர்ப்பெயரும் சான்றாகும். வேடந்தாங்கலும் பழவந்தாங்கலும் தம்மை ஒளிக்கவில்லை. ஆயினும் ஒலியொப்புமையை மட்டும் நம்பி முடிவுகட்டலாகாது. வேளச்சேரி நீரில் மூழ்கியபோதெல்லாம் அதன் பெயர் ‘வெள்ளச்சேரி’ என்று செய்தித்தாள்கள் எழுதின. கல்வெட்டு அவ்வூரை வெளிச்சேரி என்கிறது. நீர் வந்ததற்குக் கரணியம் பெயரன்று.

சென்னையில் நடந்தது நாம் அனைவரும் அறிந்ததே. 1920களில் மாம்பலத்து நெடிய ஏரியை வடித்துத் தியாகராயர் நகர் எழுப்பினர். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தை இன்று ‘லேக் ஏரியா’ என்கின்றனர். ‘ஏரியா’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குள் ஏரி அகப்பட்டுக் கிடப்பது தற்செயலே ஆயினும் எனக்கு ஒரு துயரச் சிரிப்பைத் தரும். அவ்வேரித்தரையில்தான் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. நீரின்றி உலகியல்பு நடவாது என்று நூலின் தொடக்கத்திலேயே வான்சிறப்பு வைத்தவர்க்கு, ஏரியைத் தூர்த்த இடத்தில் கற்றேர் நிறுத்தினோம். அன்று நம்முள் ஒருவரேனும் ‘இவ்விடம் ஏரியன்றோ’ என்று எழுதினாரா என்று பழைய இதழ்க் கட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். என் கைக்கு எட்டியவற்றில் அப்படி ஒரு வரியும் அகப்படவில்லை. தேரின் சிறப்பைப் பாடிய பாக்களே இருந்தன. இதனை எழுதுவது சிலர்க்குக் கசக்கும். எனினும், பிறரைக் குறைகூறுமுன் நம் முற்றத்தைப் பெருக்க வேண்டும். நெல்லையில் வேய்ந்தான்குளத்தில் பேருந்து நிலையமும், மதுரையில் உலகனேரிக் கண்மாயில் உயர்முறைமன்றத்தின் கிளையும் எழுந்தன என்பதையும் உடன் சேர்த்துக்கொள்க.

பள்ளிக்கரணைக்கு வருவோம். ஏறத்தாழ 250 சதுரக் கிலோமீட்டர் பரப்பின் மழைநீர், ஏரி ஏரியாக நிறைந்து வழிந்து அங்கே வந்து சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவின் வழியே சென்று கோவளத்தருகே கடலை அடையும். கழிவெளி என்பது இத்தகைய நிலத்துக்கு வழங்கிய பழம்பெயர். கழி, வெளி என்னும் இரு சொற்களையும் மறந்து, கழிவு கொட்டும் வெளி என்று பொருள் கொண்டவர் போல, மாநகராட்சி பல பத்தாண்டுகள் நகரின் குப்பையை அதன் பெருங்குடிப் பகுதியிற் கொட்டிற்று. சாலையும் தொடர்வண்டிப் பாதையும் ஆய்வுக் கூடங்களும் அதன்மேல் எழுந்தன. 2007இல் 317 எக்டேர் காப்புக்காடாயிற்று. 2022இல், உலகளவில் தலையாய நீர்நிலங்களுக்கான இராம்சார் பட்டியலில் 1,247 எக்டேர் இடம்பெற்றது. மகிழ்ந்தோம். ஆனால் அந்த 1,247 எக்டேரின் எல்லை எந்தப் புல எண்ணின் ஊடே போகிறது என்று தரையில் நின்று உறுதிசெய்யும் வேலை 2025 ஆகியும் முடியவில்லை. அவ்வேலை முடியும்வரை இராம்சார் நிலத்துள்ளும் அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவிலும் கட்டட இசைவு தரலாகாது என்று பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்னக அமர்வு 2025 செப்டம்பரில் ஆணையிட்டது. அடுத்த திங்களின் இறுதியில், பெரும்பாக்கத்தில் எழவிருந்த ஒரு பெருங்குடியிருப்பின் கட்டுமான வேலைக்குச் சென்னை உயர்முறைமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

அவ்வழக்கில் எப்பக்கம் உண்மை என்பதை மன்றம் சொல்லட்டும். யான் கேட்பது அதற்கு முந்தைய வினா. எல்லை காணுமுன் இசைவு தருவது எந்நாட்டு முறை? முதலில் கல் நட வேண்டும். பின்னரே கட்டடம் பற்றிப் பேச வேண்டும். உத்தரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என ஒரு குழுவையே காட்டுகின்றன. குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொன்ன அறிவுரையின் கருத்தும், நிலம் குழிந்த இடத்தில் நீரைத் தளைத்துக் காக்க என்பதே. குழிந்த இடம் எது என்பதில் அவர்க்கு ஐயமில்லை. கணிப்பொறியும் விண்கோள் படமும் வைத்திருக்கும் நமக்கோ ஐயம் தீரவில்லை!

சட்டங்களின் நிலையும் இதுவே. ஏரிகளைக் காக்கவும் வன்கவர்வை அகற்றவும் 2007இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. ஏரியை அளந்து எல்லை குறித்தல் அதன் முதற்படி. ஆனால் அது பொதுப்பணித்துறையின் கீழிருந்த ஏரிகளுக்கே. ஊராட்சி ஒன்றியங்களின் சிற்றேரிகளுக்கு அன்று. குளம் குட்டைகளை வீட்டுமனையாக்கலாகாது என்று 2001இல் உச்சமுறைமன்றம் தெளிவாகவே தீர்ப்பளித்தது. நடுவணரசு 2017இல் வகுத்த நீர்நிலக் காப்பு நெறிமுறைகளைப் படித்தபோதுதான் எனக்கு வியப்பும் சினமும் ஒருங்கே எழுந்தன. 1971இல் ஈரானிய நகரான இராம்சாரில் வகுத்த உடன்படிக்கை, இயற்கையாயினும் மாந்தர் ஆக்கியதாயினும் நீர்நிலம் நீர்நிலமே என்றது. நடுவணரசின் நெறிமுறையோ பாசனத்துக்கென மாந்தர் ஆக்கிய நீர்நிலைகளை விலக்கிவிட்டது. தமிழ்நாட்டின் ஏரிகள், ஏறத்தாழ 40,000, எவற்றுக்காக ஆக்கப்பட்டன? பாசனத்துக்கே. பறவைகளால் புகழ்பெற்று இராம்சார் பட்டியலில் ஏறிய வேடந்தாங்கலும் பாசன ஏரிதான். பனிமலை ஏரியை மனத்திற் கொண்டு எழுதிய நெறிமுறைக்குள் நம் தாங்கலும் கண்மாயும் அடங்கவில்லை. அதே 2017இல் உச்சமுறைமன்றம், விண்கோள் வழியே கணக்கெடுத்த 2,01,503 நீர்நிலங்களைக் காக்க ஆணையிட்டது. அவை ஒவ்வொன்றும் 2.25 எக்டேருக்கு மேற்பட்டவை. ஊருணியும் குட்டையும் அந்தக் கண்ணியிலும் சிக்காமல் நழுவிவிடுகின்றன. விண்ணிலிருந்து பார்ப்பவனுக்கு அவை சிறியன. அவற்றில் நீர் முகந்து குடித்த ஊருக்கு அவ்வாறில்லை.

தமிழ்நாட்டரசு தன் ஏரிகளுக்குத் தானே நெறி வகுத்துக்கொள்ளத் தடையில்லை. ஊர்தோறும் கலிங்கின் மட்டத்தை அளந்து, அம்மட்டம் எந்தெந்தப் புல எண்ணைத் தொடுகிறது என்று தமிழில் எழுதி, ஊர்மன்றத்தில் ஒட்ட வேண்டும். மனைப்பிரிவுக்கு இசைவு கேட்போர், கார்காலத்தில் எடுத்த மட்டக்கணக்கையும் மண்குழியின் நிழற்படத்தையும் இணைத்தல் வேண்டும். பதிவு அலுவலகத்தில் ஆவணம் எழுதுவோர், தாயாவணத்திலுள்ள உள்வாய், ஓடை, தாங்கல் என்னும் எல்லைச் சொற்களை நீக்கி ‘30 அடிச் சாலைக்குத் தெற்கு’ என்று எழுதும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். என் விற்பனை ஆவணத்தில் நடந்தது அதுதான். தாயாவணத்தில் இருந்த ஏரி, என் ஆவணத்தில் சாலையாகிவிட்டது. நாளை இம்மனையை வாங்குபவன் எவ்வளவு தமிழறிந்தவனாயினும் அந்த ஏரியைத் தாளில் காண மாட்டான்.

எங்கள் தெருவில் எழுவர் வீட்டை விற்றுச் சென்றுவிட்டனர். யான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். ஓய்வுக்கு முன் வேறிடம் வாங்க இயலாது. கூடத்துச் சுவரில் 2015ஆம் ஆண்டு நீர் நின்ற கோட்டின்மேல் வண்ணம் பூசாமல் விட்டிருக்கிறேன். சென்ற மாசியில் எங்கள் பள்ளியின் இளம் ஆசிரியர் ஒருவர் ஒரு தாயாவணத்தின் படியைக் கொணர்ந்து கொடுத்து, பார்த்துச் சொல்லுங்கள் ஐயா என்றார். கீழெல்லையில் ‘தாங்கல் போக்குக்காலுக்கு மேற்கு’ என்றிருந்தது. ஐப்பசி வரட்டும், குழாயோடு போய்ப் பார்ப்போம் என்றேன். விற்பவர் அதுவரை காத்திருக்க மாட்டார் என்றார். அப்படியானால் வேறு மனை பாருங்கள் என்றேன். முகம் வாடிப் போனார், இன்னும் வாங்கவில்லை.